கழுத்தில் பட்டி இல்லாத நாய்

1954 நவம்பர் 4, வியாழன்

தீபாவளி முடிந்து ஒன்பது நாள். அண்ணன் கடையில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மடித்துவைத்த சேலைகளையே பிரித்து மறுபடி மடிக்கிறார். மதினி இருந்தவரை, வியாபாரம் ஓய்ந்த இந்த நாட்களில் இரண்டு பேரும் நுவரெலியாவுக்குப் போய் ஒரு படம் பார்த்துவிட்டு வருவார்கள். அவள் கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. நான் தாலியைக் கழற்றிவிட்டு மாத்தளையிலிருந்து இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம். ராகலைக் குளிர் எனக்கு இன்னும் பழகவில்லை.

அண்ணனுக்கு வேறு கவலை. பிரஜாவுரிமை மனுவுக்கு விசாரணை எப்போது வேண்டுமானாலும் வரலாமாம். முப்பது வருஷமாக இந்தக் கடைத்தெருவில் இருக்கிற மனிதர், தான் இந்த நாட்டில்தான் இருக்கிறேன் என்று காகிதம் காட்ட வேண்டும். "நாகலிங்கம்ங்கிற பேர்ல ஒரு சின்ன வழக்கு இருக்கக் கூடாது, ஒரு போலீஸ் பேச்சு இருக்கக் கூடாது" என்று வாரத்துக்கு ஒருமுறை சொல்கிறார். துணிக்கடைக்காரருக்கு என்ன வழக்கு வரப்போகிறது?

எங்கள் நாய் பவுனுவின் கழுத்தில் பட்டி உரசிப் புண்ணாகியிருக்கிறது. கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேப்பெண்ணெய் தடவினேன். பட்டியில் தொங்கும் பித்தளை லைசென்ஸ் வில்லையைப் புளி போட்டுத் தேய்த்தேன், 47 என்ற எண் பளிச்சென்று தெரிகிறது. புண் ஆறும்வரை பட்டி வேண்டாம். ஆனால் அவளை வெளியே விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போன மாதம் மேல்தோட்டத்தில் ஒரு கங்காணி வெறி பிடித்த விசர்நாய் கடித்துச் செத்ததிலிருந்து, வில்லை இல்லாத நாய்களைக் கண்ட இடத்தில் சுடுகிறார்கள்.

பக்கத்துக் கடை முனாப் நானாவின் மனைவி கமறியா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "நகையக் கழட்டிட்டீங்களா பவுனுக்கு?" என்று சிரித்தாள்.

நவம்பர் 7, ஞாயிறு

 நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மூன்று மணிக்கே பனி இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, தெரு நிறையத் தோட்டத்து ஆட்கள். விறகு போட வந்தவன் பின்கதவைச் சாத்தாமல் போயிருக்கிறான். பவுனு வீட்டில் இல்லை என்பதே எனக்கு, காய்கறிக் கொட்டகைப் பக்கம் ஒரு பெண் அலறிய பிறகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பின்வாசல் வழியாக வந்தாள். வால் கால்களுக்கு நடுவில். இடது கண்ணுக்கு மேலே குத்துப்பட்டு இரத்தம். துணிப் பொதிகளுக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டாள். நான் மஞ்சளைக் குழைத்து அப்பினேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பிறகுதான் தெருவில் பேச்சு. கீழ்மலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ராசம்மாவை நாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில், நன்றாக. ஐந்து மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாளாம். குழந்தைக்கு ஒன்றுமில்லை. பனியில் சரியாகத் தெரியவில்லை, செம்பட்டை நாய், கழுத்தில் பட்டி இல்லை என்று சொன்னாளாம்.

அண்ணன் உள்ளே வந்தார். பவுனுவைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய பட்டியைப் பார்த்தார்.

"போட்டு விடு" என்றார்.

புண்ணின் மேலேயே போட்டேன். பவுனு முனகினாள்.

நவம்பர் 8, திங்கள்

சுகாதாரப் பரிசோதகர், எங்கள் சேனிட்டரி ஐயா, வந்தார். ஊரில் நாய் வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் போகிறார். பதிவுப் புத்தகத்தைப் பிரித்து 47 சரியா என்று பார்த்தார். நல்ல மனிதர். சிங்களமும் தமிழும் கலந்து பேசுவார்.

"இது நேத்து வெளியே போனதா அம்மா?"

அண்ணன்தான் பதில் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கஜக்கோலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லீங்க ஐயா. இது எப்பவும் பட்டியோடதான் இருக்கும். கடிச்ச நாய்க்குப் பட்டி இல்லைன்னுதானே சொல்றாங்க?"

நான்தான் சொன்னேன். தடுமாறாமல் சொன்னேன். கண்ணுக்கு மேல் என்ன காயம் என்று கேட்டார். பூனை பிறாண்டியது என்றேன். இந்த வீட்டில் பூனையே கிடையாது.

அவர் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் அண்ணன், "நல்லவேளை" என்றார். நல்லவேளைதானா?

நவம்பர் 9, செவ்வாய்

காலையில் நாலு வெடிச்சத்தம். ஆற்றோரம் திரிந்த நாய்கள். அதில் ஒன்று செம்பட்டை. செத்துக் கிடந்ததை ராசம்மாவைக் கூட்டிவந்து காட்டினார்களாம். "இது மாதிரிதான் இருந்துச்சு" என்றாளாம் அவள். தலையிலேயே குண்டு பட்டுவிட்டதால், மூளையைக் கொழும்புக்கு அனுப்பிப் பரிசோதிக்கவும் வழியில்லை. கடித்தது விசர்நாய்தான் என்று வைத்துக்கொண்டு, பதினாலு நாளைக்குப் பதினாலு ஊசி, வயிற்றில். இன்றுதான் முதல் ஊசி. தினமும் பஸ் பிடித்து நுவரெலியா போய் வர வேண்டும்.

அந்த நாய் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை.

நவம்பர் 10, புதன்

பவுனு சோறு தின்றாள். தண்ணீர் குடித்தாள். மூன்று முறை தண்ணீர் வைத்துப் பார்த்தேன். மூன்று முறையும் குடித்தாள்.

நவம்பர் 12, வெள்ளி

பவுனுவைக் காணவில்லை.

காலையில் கோயிலுக்குப் போனேன். திரும்பி வந்தால் பின்வாசலில் சங்கிலி மட்டும் கிடக்கிறது. பட்டி ஆணியில் தொங்குகிறது. நான் கழற்றவில்லையே! அண்ணனைக் கேட்டால், "புண்ணுக்கு மருந்து போடலாம்னு கழட்டினேன். ஓடிருச்சு" என்கிறார். என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார்.

கொட்டகை, ஆற்றோரம், பஸ் ஸ்டாண்ட், மாட்டுக்கொட்டில் எல்லா இடமும் தேடினேன். பெயர் சொல்லிக் கூப்பிடவும் பயம். யாராவது "ஏன் தேடுறீங்க?" என்று கேட்டால்?

இன்னொன்றும் மனசைப் போட்டு அரிக்கிறது. விசர் பிடித்த நாய் வீட்டில் தங்காது, கால் போன போக்கில் ஓடும் என்று சொல்வார்கள். புதன்கிழமை தண்ணீர் குடித்தாளே. இன்றைக்குக் குடித்தாளா? நான் பார்க்கவில்லை. அவள் அப்படி ஓடியிருந்தால், ராசம்மாவுக்கு இந்த ஊசிதான் உயிர். அப்படி ஓடவில்லை என்றால் அந்த ஊசி எதற்கு? எது உண்மை என்று சொல்லக்கூடிய ஒரே உயிர் எங்கேயோ தேயிலைக்குள் கிடக்கிறது.

நவம்பர் 13, சனி

கமறியா வேலியோரம் கூப்பிட்டாள். சிரிப்பில்லை.

"ஞாயித்துக்கிழமை நான் கண்ட, சிவகாமி. நாய் கொட்டகப் பக்கம் ஓடக்குள்ள கழுத்துல பட்டி இல்லாம ஈந்திச்சி."

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் யாருக்கிட்டயும் சென்னதில்ல. இவருக்கிட்டகூட இல்ல. ஆனா நீங்க செல்லணும். அந்தப் பொண்ணு பச்சப்புள்ளக்காரி."

"அண்ணனோட மனு…" என்றேன்.

"எங்கட வீட்டுலயும் மனு போட்டுத்தான் ஈக்கி" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 14, ஞாயிறு

பஸ்ஸிலிருந்து ராசம்மா இறங்குவதைப் பார்த்தேன். இதுவரை பேரை மட்டும்தான் கேட்டிருந்தேன். இருபத்திரண்டு வயது இருக்குமா? புருஷன் செல்லசாமி கையைப் பிடித்து இறக்கினான். காய்ச்சலில் உதடு வெடித்திருக்கிறது. கூட வந்த கிழவி குழந்தையை வைத்திருந்தாள். அது தாயைப் பார்த்துத் தாவித் தாவி அழுகிறது. அவள் கையை நீட்டவில்லை. மாராப்பை இழுத்து மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பக்கத்தில் நின்றவளிடம் கேட்டேன். பாலில் விஷம் இறங்கிவிடுமோ என்று பயந்து கடித்த நாளிலிருந்து பால் கொடுப்பதில்லையாம். டாக்டர் கொடுக்கலாம் என்று சொல்லியும் கேட்கவில்லையாம். ஆட்டுப்பால் ஊற்றுகிறார்கள். குழந்தைக்குச் சேரவில்லை.

கடைக்குள் வந்து உட்கார்ந்தேன். அந்த அழுகை மேட்டில் ஏறி மறையும்வரை கேட்டது.

நவம்பர் 15, திங்கள்

இன்றும் வாய் வரவில்லை. கோழை நான்.

நவம்பர் 16, செவ்வாய்

எழுதித் தீர்த்துவிட வேண்டும், எல்லாவற்றையும்.

இன்று எட்டாவது ஊசி. போட்டுவிட்டு எழுந்தவள் அப்படியே விழுந்துவிட்டாளாம். இடது காலில் உணர்வு இல்லை. வார்டில் படுக்க வைத்துவிட்டார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு அந்த ஊசி நரம்பில் இப்படிச் செய்யுமாம். மேலும் போட்டால் இரண்டு காலும் போகலாம். போடாமல் விட்டு, கடித்தது விசர்நாயாக இருந்தால், ஆளே போய்விடுவாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மூன்று மணி பஸ்ஸில் செல்லசாமி வந்து இறங்கிக் கடை கடையாக ஏறிச் சொல்லிக்கொண்டு வந்தான். எங்கள் கடைக்கும் வந்தான். தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"முதலாளி, அன்னிக்குச் சுட்ட நாய்தான் கடிச்சுச்சான்னு ராசம்மாவுக்கு இப்ப சந்தேகமா இருக்குதுங்க. கடிச்சது வேற நாயா இருந்து, அது இன்னும் உசுரோட நல்லா இருந்தா ஊசிய நிப்பாட்டிரலாம்னு டாக்டர் ஐயா சொல்றாரு. கடிச்சுப் பத்து நாள் ஆகிருச்சுன்னா நாய்க்கு விசர் இல்லேன்னு அர்த்தமாம். நாளன்னைக்குக் காலைல எட்டு மணி வரைக்கும் பாக்குறேன்னாரு. யார் நாயா இருந்தாலும் சரிங்க. நான் சண்டைக்கு வரல. வழக்குக்கு வரல. நாயக் காட்டினாப் போதும்."

அண்ணன், "தெரியலையேப்பா" என்றார். நான் உள்வாசல் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். செல்லசாமி கும்பிட்டுவிட்டு முனாப் நானா கடைக்குப் போனான். அங்கேயும் அதே வார்த்தைகளை முதலிலிருந்து சொல்வது சுவர் வழியாகக் கேட்டது.

நான் அண்ணன் முன்னால் போய் நின்றேன்.

"பவுனு எங்கண்ணே?"

"ஓடிருச்சுன்னு சொன்னேன்ல."

"எங்க?"

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கண் கலங்கியது. மதினி போனபோது பார்த்தது அந்த முகத்தை.

"மரக்கறி லொறி அழகன்கிட்டக் குடுத்து விட்டேன். பூண்டுலோயாவுல எறக்கி விட்டிருக்கான். கொல்லச் சொல்லல, சிவகாமி. சத்தியமா கொல்லச் சொல்லல. கண்ணுக்கெட்டாத தூரத்துல இருக்கட்டும்னுதான்… விசாரணையில ஒரு கேஸ் இருக்குதுன்னு தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரும் எங்க போறது? இந்தியாவுக்குக் கப்பல்லதான் ஏத்துவாங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. பூனை பிறாண்டியது என்று சொன்னது அவரா?

செருப்பைக் கூடப் போடாமல் தெருவில் இறங்கினேன். செல்லசாமி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தான். முன்னால் போய் நின்றேன்.

"கடிச்சது எங்க நாய். நான்தான் இல்லேன்னு பொய் சொன்னேன்."

அவன் எழுந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நின்று வாங்கியிருப்பேன். அவன் கேட்டது ஒரே வார்த்தை.

"எங்கங்க?"

நவம்பர் 18, வியாழன்

நேற்று எழுதவில்லை. இரண்டு நாளையும் சேர்த்து எழுதுகிறேன்.

புதன் காலை முதல் வேலையாகச் சேனிட்டரி ஐயா வீட்டுக்குப் போனேன். செல்லசாமி கேட்டுக்கு வெளியே நின்றான். நடந்ததைச் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"அன்னைக்கு உங்க பேச்சை நம்பினேன் அம்மா. இப்ப ஒரு செம்பட்டை நாயக் கொண்டுவந்து இதுதான் அதுன்னு சொன்னா நான் எப்படி நம்புறது? மலை முழுக்கச் செம்பட்டை நாய்தான். தப்பான நாய நம்பி ஊசிய நிப்பாட்டினா அந்தப் பொண்ணு செத்துரும்."

கேட்டுக்கு வெளியே நின்ற செல்லசாமியைப் பார்த்தார். "முதல்ல கொண்டு வாங்க. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில இருப்பேன்" என்றார்.

ராகலையிலிருந்து நுவரெலியா, அங்கிருந்து தலவாக்கலை, அங்கிருந்து பூண்டுலோயா. மூன்று பஸ். செல்லசாமி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தலவாக்கலையில் இறங்கி ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்திருந்து, ஆறிய பிறகு ஊற்றிவிட்டான்.

பூண்டுலோயாவில் அழகன் சொன்ன இடம் பஸ் நிற்கும் வளைவு. அங்கே இல்லை. கசாப்புக் கடை, தபாற்கந்தோர், பாலத்தடி, எல்லாம் பார்த்தோம். செம்பட்டை நாய் என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுகிறார்கள். மூன்று நாய்களைப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் செல்லசாமி என் முகத்தைப் பார்ப்பான். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். மூன்றாவதுக்குப் பிறகு அவன், "நல்லாப் பாருங்கம்மா" என்றான். கெஞ்சுகிற மாதிரி. அதுவே அவளாக இருக்கக் கூடாதா என்று எனக்கும் இருந்தது.

மணி இரண்டாகிவிட்டது. மேட்டில் ஒரு ஆப்பக்கடை. வாசலில் சாக்கின் மேல் படுத்திருந்தாள். கழுத்தில் சிவப்புச் சேலைக் கிழிசல் கட்டியிருந்தது.

"பவுனு!"

ஓடி வந்து மேலே விழுந்தாள். ஆப்பக்கடைக்காரி கரண்டியோடு வெளியே வந்தாள். பெயர் அம்மாக்கண்ணு.

"ராணி, இங்க வா!" என்று அவள் கூப்பிட, பவுனு அவளிடமும் ஓடினாள்.

"யாரும்மா நீங்க? எங்க நாயத் தொடுறீங்க?"

"இது என் நாய்ங்க."

"மழையில நனஞ்சு செத்த மாதிரிக் கிடந்துச்சு. நான்தான் எடுத்து வச்சிருக்கேன். கூப்பிட்டா எந்த நாயும்தான் ஓடி வரும். உங்களுதுன்னா அடையாளம் சொல்லுங்க."

"நாக்குல வலது ஓரமா மிளகு மாதிரி ஒரு மச்சம் இருக்கும். பின்னங்கால்ல, வலது காலு, வெளி விரல்ல நகம் இருக்காது. குட்டியில கதவுல மாட்டிக்கிச்சு."

அம்மாக்கண்ணு உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தாள். வாயைப் பிரித்துப் பார்த்தாள். எழுந்தபோது முகம் வாடியிருந்தது. "எம்பிள்ளைக அழுவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

பக்கத்தில் நின்ற செல்லசாமி, "ஆத்தா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றான். சிரட்டையில் கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை. பவுனுவுக்கு முன்னால் வைத்தான். 

பவுனு மோந்து பார்த்தாள். தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷம்! பிறகு குனிந்து நக்கி நக்கிக் குடித்தாள், சிரட்டை காலியாகும்வரை.

செல்லசாமி அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. அம்மாக்கண்ணுவுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "அப்ப நிக்காதீங்க, போங்க" என்று ஒரு கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள் என்று, நுவரெலியா போகிற, கோவா மூட்டை ஏற்றிய காய்கறி லொறி ஒன்றை அவளே மறித்து ஏற்றிவிட்டாள். இரவு நுவரெலியாவில் முனாப் நானாவின் தம்பி ஹுசைன் வீட்டில் எனக்கு இடம் கொடுத்தார்கள். செல்லசாமி நாயோடு அவர்கள் விறகுக் கொட்டிலில் இருந்தான். கயிற்றை என்னிடம் தரமாட்டேன் என்றுவிட்டான்.

இன்று எட்டு மணி. சேனிட்டரி ஐயா சொன்ன மாதிரி வந்திருந்தார். நாயை மரத்தில் கட்டச் சொன்னார். ராசம்மாவின் கண்ணில் நாய் படாமலே, முதலில் அவளிடம் போனார். நானும் வார்டு வாசல்வரை போனேன்.

"அன்னைக்கு நாய் கடிக்கிறப்ப நீங்க என்ன பண்ணுனீங்க? ஞாபகம் இருக்கிறதச் சொல்லுங்க."

ராசம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "பனியில தெரியாம அதும் வால மிதிச்சுட்டேன் ஐயா. கவ்விக்கிருச்சு, விடல. குடைய மடக்கி நுனியால குத்தினேன். கண்ணுக்கு மேல பட்டுச்சு. ரெத்தம் வந்துச்சு. அப்புறந்தான் விட்டுச்சு."

"எந்தப் பக்கம்?"

அவள் தன் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் வெளியே வந்து பவுனுவின் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். இடது கண்ணுக்கு மேலே பொருக்குத் தட்டிய காயம். என்னைப் பார்த்தார்.

"பூனை" என்றார்.

"பூனை இல்லீங்க ஐயா."

டாக்டர் வந்து பார்த்தார். வாயைப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார், தின்னப் பாண் துண்டு போட்டுப் பார்த்தார். பதினோராவது நாள். நாய் நன்றாக இருக்கிறது. எதற்கும் இன்னும் மூன்று நாள் சேனிட்டரி ஐயா வீட்டில் கட்டிவைத்துப் பார்க்கட்டும், ஊசி இனி வேண்டாம் என்றார். கால் வருமா என்று செல்லசாமி கேட்டான். பெரும்பாலும் வரும், நாளாகும் என்றார்.

வார்டுக்குள்ளிருந்து, கிழவி கொண்டுவந்திருந்த குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. சட்டென்று நின்றுவிட்டது. எட்டிப் பார்க்க எனக்கு என்ன உரிமை? ஆனால் செல்லசாமி போய்ப் பார்த்துவிட்டு வந்து, என்னிடம் இல்லை, சுவரைப் பார்த்துச் சொன்னான்: "குடிக்குது."

நவம்பர் 21, ஞாயிறு

மூன்று நாளும் ஆயிற்று. பவுனு வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணன் அவளைத் தொடவில்லை. என்னோடும் பேசவில்லை.

நவம்பர் 27, சனி

ராசம்மாவைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். போகவேண்டாம் என்று கமறியா சொன்னாள். போனேன்.

லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். இடது கால் நீட்டியபடி. பால்மாவும் பழமும் கொண்டுபோயிருந்தேன். அவள் அவற்றைப் பார்க்கவில்லை.

"எட்டு ஊசி" என்றாள். "ஒவ்வொன்னுக்கும் நான் கொழந்தயத்தான் நெனச்சேன். பதினோரு நாளு அது பசியில கத்துச்சு, மாருல பால் கட்டி நான் கத்தினேன். ஒங்க வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் அம்பது அடி இருக்குமா? தெனம் அதத் தாண்டித்தான் நான் போயி வந்தேன். ஒரு வார்த்த. ஒரே வார்த்த சொல்லக் கூடாதா?"

மன்னித்துவிடு என்றேன். அந்த வார்த்தை அந்த அறையில் எவ்வளவு சின்னதாக இருந்தது.

"போங்கம்மா. எனக்குக் கோவம் போகல. போறப்ப போவும். நீங்க வந்து நின்னா போகாது."

கொண்டுபோனதைத் திருப்பித் தரவும் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை. வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 6, திங்கள்

சேனிட்டரி ஐயா போட்ட வழக்கில் அண்ணன் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நாயை அவிழ்த்து விட்டது, மறைத்தது. லைசென்ஸ் அவர் பேரில். பொய் சொன்னது நான் என்று எழுந்து சொன்னேன். உட்காரச் சொன்னார்கள். அபராதம் விதித்து அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் முதல்முறையாகப் பேசினார்: "குளிருதா?"

1955 ஜனவரி 16, ஞாயிறு

ராசம்மா கம்பு ஊன்றி லயத்து வாசல்வரை நடக்கிறாளாம். கமறியா சொன்னாள். கமறியா மாதத்துக்கு இரண்டு தரம் போய்ப் பார்த்து வருகிறாள். நான் போகவில்லை.

பெப்ரவரி 10, வியாழன்

இன்று அண்ணனுக்குப் பிரஜாவுரிமை விசாரணை. வெள்ளை வேட்டி, கோட்டு, கை நிறையக் காகிதம். காலையில் ஒரு இட்லிகூட இறங்கவில்லை அவருக்கு.

சாயங்காலம் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் தலைப்பாகையைக் கழற்றவில்லை.

"ரெண்டு மணி நேரம் கேட்டாங்க. எப்ப வந்தே, யாரு சாட்சி, ஊருல நெலம் இருக்குதா… எல்லாம் கேட்டாங்க."

"கேஸ்?"

"நாயப் பத்தி ஒரு வார்த்த கேக்கல."

சிரித்தார். சிரிப்பு அழுகை மாதிரி இருந்தது. முடிவு பிறகு தெரியுமாம். எழுந்து பின்வாசலுக்குப் போனார். பவுனு வாலை ஆட்டினாள். மூன்று மாதத்துக்குப் பிறகு குனிந்து அவள் தலையைத் தடவினார்.

மார்ச் 6, ஞாயிறு

வெயில். தெருவில் நல்ல கூட்டம். அண்ணன் சாப்பிட உள்ளே போயிருந்தார். நான் கடையில் இருந்தேன். பவுனு பட்டியும் வில்லையுமாக வாசற்படியில் படுத்திருந்தாள்.

எதிர்ப்பக்கம் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். கம்பு இல்லை. பஸ் போகட்டும் என்று நிற்கிறாள் என நினைத்தேன். பஸ் போய்விட்டது. அப்போதும் நின்றாள். ராசம்மா.

தெருவைத் தாண்டி வந்தாள். இடது காலை லேசாக இழுத்துப் போட்டுத்தான் நடக்கிறாள். படிக்கு நாலடி தள்ளி நின்றுவிட்டாள்.

"நாயக் கட்டுங்க" என்றாள். "உள்ள வரணும். புள்ளைக்குக் காது குத்தப் போறோம். பாவாடத் துணி எடுக்கணும்."

ஓடிப்போய்ப் பவுனுவைத் தூணில் கட்டினேன். ராசம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னொரு முடிச்சுப் போடுங்க."

போட்டேன். கயிற்றை இழுத்துக் காட்டினேன். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்துப் படியேறினாள்.